பிரிஸ்பேன் நாயோடு ஒரு மனத்தாங்கல்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் குடியிருக்கும் ஒரு நாயோடு எனக்கு மனத்தாங்கல். நேரில் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அது கார்ட்டூன் நாய். பெயர் பேண்டிட். 'ப்ளூயி' என்கிற தொடரில் இரண்டு பெண் குட்டிகளுக்கு அப்பா. அந்தத் தொடர் 2018இல் தொடங்கியது. என் மகன் பிறந்ததும் அதே ஆண்டுதான். இரண்டு பேரும் எனக்கு எதிராகக் கூட்டுச் சேரப்போகிறார்கள் என்று அப்போது யாரும் எச்சரிக்கவில்லை.

பேண்டிட்டின் தொழில் தொல்லியல். எலும்பைத் தோண்டி எடுக்க ஒரு நாய்க்குச் சம்பளம் தருகிறார்கள் என்ற குறும்பு எனக்கும் பிடித்ததுதான். மனைவி சில்லிக்கு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை. ஆக, இருவரும் சம்பாதிக்கிற குடும்பம். அப்படியிருந்தும் எப்போது பார்த்தாலும் இந்த மனிதர் (நாய் என்று எழுதக் கை வரவில்லை) வீட்டில்தான் இருக்கிறார். குட்டிகள் அவரை நோயாளியாகப் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கின்றன. டாக்ஸியில் ஏற்றி அலைக்கழிக்கின்றன. எதற்கும் அவர் மறுப்பதில்லை. "அப்பாவுக்கு ஒரு போன் வருகிறது, ஐந்து நிமிடம் இருங்கள்" என்று நழுவுவதும் அபூர்வம். ஒரு கதை ஏழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பேண்டிட்டுக்கு ஏழு நிமிட வேலை. அதைப் பார்த்துவிட்டு எழுந்து வரும் பிள்ளையின் அப்பாவுக்கு மாலை முழுவதும் வேலை.

அந்தத் தொடரில் பலூனைத் தரையில் விழவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் விளையாட்டு ஒன்று வருகிறது. பிரபலமானது. எங்கள் வீட்டில் அது ஒரே மாலையோடு கைவிடப்பட்டது. திருச்சியில் மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டு விளையாடவும் முடியாது, ஓடவிட்டு விளையாடவும் முடியாது. பலூன்தான் முதலில் முடிவுக்கு வந்தது.

நிலைத்தது பஸ் விளையாட்டு. சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் பஸ் தயார். கூடம் மத்தியப் பேருந்து நிலையம், சமையலறை ஸ்ரீரங்கம். நடுவில் பாலக்கரை, மெயின்கார்ட் கேட், சத்திரம், மாம்பழச் சாலை, திருவானைக்காவல் எல்லாம் முறையாக வரும். ஃபிரிட்ஜைத் தாண்டும்போது காவிரிப் பாலம், எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்துத் தண்ணீர் போகிறதா என்று சொல்ல வேண்டும். மகன்தான் நடத்துநர். என் அலுவலகப் பை அவன் தோளில், விசில் அவன் வாயில். ஓட்டுநர் இருக்கைக்கு அவன் ஆசைப்பட்டதே இல்லை. பஸ்ஸில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை ஏழு வயதுக்குள் தெரிந்துகொண்டுவிட்டான்.

முதலில் அவன் தனியார் பஸ்ஸாகத்தான் ஓட்டினான். அதில்தானே பாட்டுப் போடுவார்கள். என் அம்மா தலையிட்டார். "தனியார் பஸ் என்றால் பாட்டி டிக்கெட் எடுக்க வேண்டும் கண்ணா. கவர்ன்மென்ட் டவுன் பஸ்ஸாக ஓட்டு." 2021 முதல் தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டம் எங்கள் கூடத்திலும் அன்றே அமலுக்கு வந்தது. என் அம்மா, என் மனைவி, என் மகள் மூவரும் காசு கொடுக்காமல் சீட்டு வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்கள். என் அப்பா செய்தித்தாளோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்த, காசு கொடுத்துப் போகும் பயணி நான் ஒருவன். இருபது ரூபாய் நோட்டை நீட்டினால் நடத்துநர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருகிறார். இறங்கும்போது கேட்டால் "பஸ் டிப்போவுக்குப் போகிறது, நாளைக்கு வாருங்கள்" என்கிறார். இந்தப் பதில்களை எல்லாம் எங்கே பிடிக்கிறான் என்றே தெரியவில்லை. பேண்டிட்டிடம் அந்தக் குட்டிகள் நிஜப் பணம் வாங்குகின்றனவா என்று யாராவது கவனித்துச் சொன்னால் நல்லது.

பேண்டிட்டுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்த அப்பா ஒரு பன்றி. 'பெப்பா பிக்', பிரிட்டனில் 2004இல் தொடங்கிய தொடர். அதில் வரும் டாடி பிக்கை எனக்குப் பிடிக்கும். சுவரில் ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கிறேன் பேர்வழி என்று சுவரையே பெயர்த்துவிடுவார். எல்லோரும் அவருடைய தொப்பையைக் கேலி செய்வார்கள். கடைசியில் குடும்பமே தரையில் மல்லாந்து சிரிக்கும். அவரும் சிரிப்பார். நம் ஊரில் அப்பாவின் தொப்பைக்கு இருந்த கௌரவத்தை அந்தத் தொடர் சத்தமில்லாமல் குறைத்துவிட்டது என்பதுதான் என் ஒரே புகார். கல்யாண வீட்டில் அத்தைமார் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய், இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது" என்று சொல்லி வளர்த்த வயிறு இது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து "டாடி பிக்" என்று தட்டுகிறான் மகன்.

மகளின் காலம் வேறு. அவளுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது சுட்டி டிவியில் தமிழ் பேசும் டோராதான் எல்லாம். டோரா மலை எங்கே இருக்கிறது என்று கேட்பாள், மலை அவளுக்குப் பின்னாலேயே இருக்கும், மகள் கத்திப் பதில் சொல்லும்வரை கண்ணை விரித்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்கு அந்தத் தொடரில் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒரு குரங்கோடு காடு, ஆறு, பாலம் எல்லாம் தாண்டிப் போகிறாள். வீட்டில் அப்பா, அம்மா இருக்கிறார்கள். எங்கே போகிறாய், எப்போது வருவாய், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. நான் தெருமுனைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறவன்.

மகள் இப்போது கார்ட்டூனைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கொரியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். அங்கே பிடிஎஸ் என்கிற பாடகர் குழுவில் ஏழு பேர். தலைமுடியின் நிறம் மாதத்துக்கு ஒன்றாக மாறினாலும் ஏழு பேரையும் முதுகைப் பார்த்தே பெயர் சொல்கிறாள். சொந்தக்காரர் கல்யாணத்தில், பெரியப்பாவின் பேரன்கள் மூன்று பேரில் யார் மூத்தவன் என்று கேட்டால் என் காதில் வந்து விசாரிக்கிறாள்.

என் அப்பாவுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. அவர் காலத்தில் தொலைக்காட்சியில் வந்த அப்பாக்களைப் பாருங்கள். 1987இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் தொடங்கியது. அந்த வீட்டு அப்பா பெற்ற மகனைப் பதினான்கு ஆண்டு காட்டுக்கு அனுப்பினார். அது முடிந்ததும் மகாபாரதம் வந்தது. அதில் திருதராஷ்டிரன், பிள்ளைகள் என்ன செய்தாலும் தட்டிக்கேட்க வாய் வராதவர். இவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மின்வாரியத்தில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் சைக்கிளில் வரும் என் அப்பா எவ்வளவோ மேலாகத் தெரிந்தார். சினிமாவில் மட்டும் என்ன? மேஜர் சுந்தரராஜன் முன்னால் பிள்ளைகள் உட்காரக்கூட மாட்டார்கள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விடுவார். என் அப்பா ஒருமுறைதான் சொல்வார், அதுவும் தமிழில். அந்த வகையில் எங்களுக்கு நேரம் மிச்சம்.

பிறகு ஏதோ ஓர் இடத்தில் அப்பாக்கள் மாறினார்கள். எந்த இடம் என்று என்னைக் கேட்டால் 2008 என்று சொல்வேன். அந்த ஒரே ஆண்டில் தமிழில் 'சந்தோஷ் சுப்ரமணியம்', 'வாரணம் ஆயிரம்', 'அபியும் நானும்' என்று மூன்று அப்பா படங்கள். ஏப்ரலில் மகன் போடும் சட்டையிலிருந்து அவன் கட்டும் பெண் வரைக்கும் தானே முடிவு செய்துகொண்டிருந்த பிரகாஷ் ராஜ், டிசம்பரில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் தவித்தார். எட்டு மாதத்தில் அப்படி ஒரு திருத்தம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. நடுவில் வந்த 'வாரணம் ஆயிரம்' படத்தில் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இரண்டு பேரும் சூர்யாதானே, புரியாமல் எங்கே போகும்? எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மூன்றையும் தியேட்டரில் போய்ப் பார்த்துவிட்டு, எதிர்காலத்தில் எந்த மாதிரி அப்பாவாக இருக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது.

அதே 2008இல்தான் போகோ சேனலில் சோட்டா பீம் என்கிற கார்ட்டூன் பையன் பிறந்தான். அவனுடைய ஊரான தோலக்பூரில் ராஜா உண்டு, லட்டுக் கடை உண்டு, ஆபத்து வாரம் தவறாமல் உண்டு. ஊரைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் பிள்ளைகளிடம். அதே ஆண்டில்தான் 'ஷின்-சான்' என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்கு இந்தியாவில் தடையும் வந்தது. அந்தப் பையனைப் பார்த்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள் என்று பெற்றோர் முறையிட்டார்கள், மத்திய அரசு நிறுத்திவைத்தது. கொஞ்ச காலம் கழித்து, வெட்ட வேண்டியதை வெட்டி, திரும்ப விட்டார்கள். காட்சிகளை வெட்டினார்கள், சரி. அந்தக் குரலை என்ன செய்ய முடியும்? தமிழ் டப்பிங்கில் அந்தப் பையன் சொற்களை இழுத்து இழுத்துப் பேசும் தோரணையில்தான் விஷமம் முழுவதும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா, என் மகனிடம், "என்னடா, வகுப்பில் எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்டார். அவன் அதே குரலில், "இரண்டாம் வகுப்பில் நீங்கள் எத்தனையாவது ரேங்க் தாத்தா?" என்றான். பெரியப்பா எண்பதைத் தொடுகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் வாத்தியார் ரேங்க் போட மாட்டார்" என்று நழுவினார். மனைவி என்னை முறைத்தாள். டப்பிங் கொடுத்ததே நான்தான் என்கிற முறைப்பு.

ஆனால் எங்கள் வீட்டில் ஷின்-சானுக்கு உண்மையான ரசிகர் மகன் இல்லை, என் அப்பா. பரீட்சைக் காலத்தில் டிவியின் மேல் துணி போட்டு மூடிவைத்த மனிதர், இப்போது பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் வரவு செலவைக் கவனிக்கிறார். அவருக்கு அந்தப் பையன் முக்கியமில்லை. பையனின் அப்பா ஹாரிதான் முக்கியம். ஜப்பானிய மூலத்தில் பெயர் ஹிரோஷி. வயது 35. சைத்தாமாவில் வீடு, டோக்கியோவில் அலுவலகம், தினமும் ரயில். மாலையில் வந்ததும் காலுறையைக் கழற்றுவார். அந்தக் காலுறையின் நாற்றம் எதிரிகளை மயக்கம் போட்டு விழவைக்கும் ஆயுதம். இவற்றுக்கெல்லாம் மேலாக, அவருக்கு வீட்டுக்கடன் இன்னும் 32 ஆண்டு பாக்கி.

இந்த 32தான் என் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. "முப்பத்தைந்தும் முப்பத்திரண்டும் அறுபத்தேழு. ரிட்டயர் ஆன பிறகும் தவணை கட்டுவானா? எந்த மேனேஜர் இவனுக்குக் கடன் கொடுத்தார்?" என்று கேட்டார். நம் ஊர் வங்கிகளில் வீட்டுக்கடனுக்கு வழக்கமாக முப்பது ஆண்டுதான் உச்சவரம்பு, ஜப்பானில் முப்பத்தைந்து வரைக்கும் போவார்கள் என்று நான் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. என் அப்பா கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். கடைசித் தவணை கட்டிய ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அவருக்கு வந்த அடுத்த சந்தேகம் இன்னும் கூர்மையானது. அந்தத் தொடர் ஜப்பானில் 1992இல் தொடங்கியது. இத்தனை ஆண்டாகக் கட்டியும் எப்போது கேட்டாலும் 32 ஆண்டு பாக்கி என்கிறார்களே, எப்படி? "வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான். அசலைத் தொடவே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். நடுவில் ஒருமுறை எரிவாயு கசிந்து அந்த வீடே வெடித்துச் சிதறி, குடும்பம் கொஞ்ச காலம் வாடகைக்குப் போய் இருந்த கதையை மகள் எடுத்துக்கொடுத்தாள். என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்சூரன்ஸ் இருந்ததா?" என்றார்.

எனக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. மேல்தளம் எடுத்த வகையில் வந்தது. அதனால் ஹாரி கூடத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அப்பாடா என்று சாயும்போது எனக்கு அவர் மேல் ஒரு சகோதர பாசம் வருகிறது. பேண்டிட் இப்படிச் சாய்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாய்ந்தாலும் உடனே இரண்டு குட்டிகள் வந்து மேலே விழும், அவரும் குதித்து எழுந்துவிடுவார். தொல்லியல் துறையில் மாதக் கடைசி என்று ஒன்று கிடையாதா?

என் மனைவி இந்தப் பேச்சில் சேருவதில்லை. அவளுக்கு மிட்சியைப் பற்றிப் பேச வேண்டும். ஷின்-சானின் அம்மா மிட்சிக்கு வயது 29. பிடிவாதம் பிடித்த ஐந்து வயதுப் பையன், ஒரு கைக்குழந்தை, ஒரு நாய், நாறும் காலுறை போடும் கணவன் என்று முழு வீட்டையும் தாங்குகிறவள். தொடரில் பாதி நேரம் கத்துகிறாள், மீதி நேரம் பையனின் தலையில் குட்டுகிறாள், குட்டிய இடம் உடனே புடைக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "அவள் கத்துவதை மட்டும் காட்டுகிறார்கள். கத்துவதற்கு முன்னால் எத்தனை தடவை மெதுவாகச் சொன்னாள் என்பதைக் காட்டுவதில்லை" என்றாள் மனைவி. அந்த நேரம் பார்த்து மகன் குடைமிளகாயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான். ஷின்-சானுக்கும் குடைமிளகாய் ஆகாது. "சாப்பிடு" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகும் மெதுவாகச் சொன்னாள். நான் என் தட்டில் இருந்ததை வேகமாகச் சாப்பிட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, டோரேமான் கட்சி. 22ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த அந்த நீலப் பூனை இயந்திரம் வயிற்றுப் பையிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுத்துச் சோம்பேறி நோபிதாவைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். "அந்தப் பையனுக்கு ஒரு டியூஷன் வைத்தால் பூனைக்கு வேலை மிச்சம்" என்பது அம்மாவின் கருத்து. அதில் ஒரு மந்திர ரொட்டி வருகிறது. புத்தகத்தின் மேல் வைத்து அழுத்தினால் பக்கம் அப்படியே ரொட்டியில் பதியும், தின்றால் மனப்பாடம் ஆகிவிடும். மறுநாள் காலை மகன் வாய்ப்பாட்டுப் புத்தகத்தையும் தோசையையும் ஒன்றாகக் கொண்டுபோனதை என் மனைவி சமையலறை வாசலிலேயே மறித்தாள். அந்தக் கதையில் நோபிதா அளவுக்கு மீறித் தின்று, வயிறு கெட்டு, படித்தது மொத்தத்தையும் கழிப்பறையில் விட்டுவிடுகிறான் என்பதை மகள் ஞாபகப்படுத்தினாள். ஏழாம் வாய்ப்பாடு அன்றும் பழைய முறையில்தான் நடந்தது.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பற்றிய மதிப்பீடு வெளியிடப்பட்டது. நான் கேட்கவில்லை. மகன் தானாக ஆரம்பித்தான். "அப்பா, நீங்கள் பாதி ஹாரி, பாதி டாடி பிக்." பேண்டிட் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "பஸ் விளையாட்டு அன்றைக்கு மட்டும் கொஞ்சம். அன்றைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு மொபைல்தான் பார்த்தீர்கள்" என்றாள். நிஜ பஸ்ஸிலும் பயணிகள் அதைத்தான் செய்கிறார்கள், நான் பாத்திரமாகவே மாறியிருந்தேன் என்ற என் வாதத்தை யாரும் ஏற்கவில்லை. என் அப்பா மட்டும், "ஹாரி என்றால் தப்பில்லை. தவணை தவறாதவன்" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

சரி, நானும் கேட்கலாம் அல்லவா? கார்ட்டூன் பிள்ளைகளில் எனக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால் யாரை எடுப்பேன், சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். ப்ளூயி என்றாள் மகள். பீம் என்றான் மகன், காரணம் லட்டு. நோபிதாவாக மட்டும் இருக்கக் கூடாது என்றார் அம்மா.

"ஷின்-சானின் தங்கை ஹிமாவாரி" என்றேன். அந்தத் தொடரில் அவள் 1996இல் பிறந்தாள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

"இவனுக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது யாராம்?" என்றாள் மனைவி.

ஓடியது உண்மைதான். டாக்டர் பையனின் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையைத் தட்டிப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், போங்கள்" என்று அனுப்பிவைத்தார். கைராசிக்காரர்.